ஜமுக்காளம் எங்கே முடிகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிராம சபை நடந்த மறுநாள் மாவட்டப் பக்கங்களில் இரண்டு விதச் செய்தி வரும். ஒன்று, அதிகாரிகளும் பிரமுகர்களும் வரிசையாக உட்கார்ந்திருக்கும் படம். மற்றது, கூட்டமே சேரவில்லை, மக்களுக்கு அக்கறையில்லை என்ற குறை. இரண்டாவதைப் படிக்கிறவர்கள் "நம்ம ஊரு எங்கங்க மாறப்போகுது" என்று பேப்பரை மடித்து வைத்துவிடுகிறார்கள். ஊராட்சி வேலைகளோடு அன்றாடம் பழகும் எங்களுக்கு அந்த வார்த்தைதான் வலிக்கிறது.

பழைய நிலையைக் காப்பாற்றுவது ஊராரின் மனசுதான் என்று வைத்துக்கொண்டால், மனசு மாறும் வரை காத்திருக்க வேண்டியதுதான். அருகில் போய்ப் பார்த்தால் வேறு விஷயம் தெரியும். கூட்டம் எந்த இடத்தில், யாருக்கு நாற்காலி, மைக் யார் கையில், தீர்மானங்களைப் பதியும் மினிட் புத்தகம் எப்போது எழுதப்படுகிறது என்ற சில்லறை ஏற்பாடுகள்தான் வழக்கத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. மனசை மாற்ற ஒரு தலைமுறை ஆகலாம். இந்த ஏற்பாடுகளை அடுத்த கிராம சபைக்குள்ளேயே மாற்றலாம். அதை எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் இடம். கூட்டம் கோயில் மண்டபத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்கள் மண்டபத் திண்ணையில் தூணோரம் உட்காருவார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு ஜமுக்காளம். மைக் வயர் பத்தடி இருக்கும், அதுவும் ஜமுக்காளத்தோடு முடிந்துவிடும். காலனிக்காரர்கள், அதாவது பட்டியல் சாதிக் குடியிருப்பினர், தெருவுக்கு எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் நிற்பார்கள். ('காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் அன்றைய முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். ஊர்ப்பேச்சில் அது இன்னும் போகவில்லை.) பெண்கள் அவர்களுக்கும் பின்னால், நூறு நாள் வேலைக்காகக் கையெழுத்துப் போட வந்தவர்களாக நிற்பார்கள். 'நீ அங்கே நில்' என்று யாரும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்டால், "யாரு தடுத்தா? வந்து உக்காரலாமே" என்பார்கள். அது பொய்யும் இல்லை. மண்டபப் படியில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று மரத்தடியில் நிற்பவருக்குத் தெரியும். யாரும் தடுக்கத் தேவையில்லாதபடி இடமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

கிராம சபையை வழிபாட்டு இடங்களிலும் மதச்சார்புள்ள வளாகங்களிலும் நடத்தக்கூடாது, ஒரே இடத்தில் நடத்தாமல் ஊராட்சியின் குக்கிராமங்களுக்குச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பிலேயே வருகிறது. இதைக் கேட்டு வாங்க வேண்டும். கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஊராட்சிச் செயலருக்கு ஒரு பக்க மனு போதும். கடைசி ஆறு கிராம சபைகள் எங்கெங்கே நடந்தன என்று தேதியோடு எழுதி, அடுத்தது எந்தத் தெருவில் நடக்க வேண்டும் என்று இடத்தின் பெயரையும் நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். 'எங்கள் பகுதியில் நடத்துங்கள்' என்று மட்டும் எழுதினால், "அங்க எடம் பத்தாது" என்ற ஒரே வரியில் மனு முடிந்துவிடும். பள்ளி வளாகம் என்றால் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டு நாளும் பள்ளிக் கொடியேற்றம் காலையிலேயே முடிந்துவிடும், பதினோரு மணிக்கு வளாகம் காலியாக இருக்கும். மே 1 அன்று நிழல்தான் முதல் பிரச்சினை. பந்தலுக்கு ஏற்பாடு இல்லையென்றால் கூட்டம் தானாகவே மண்டபத்து நிழலுக்குத் திரும்பிவிடும்.

நாற்காலி விஷயத்தில் நாங்கள் சொல்வது ஒன்றுதான். எல்லாருக்கும் நாற்காலி, இல்லையென்றால் எல்லாருக்கும் தரை. மேசை போட்டு எழுதுகிறவருக்கும் கூட்டத்தை நடத்துகிறவருக்கும் தவிர வேறு யாருக்கும் தனி வரிசை கூடாது. இருபது நாற்காலியைக் கொண்டுவந்து முன்னால் போட்டால் அதில் யார் உட்காருவார்கள் என்பது முன்கூட்டியே முடிவானது. அறுபதடி வயரும் ஒரு கை மைக்கும் கூடுதலாகக் கேளுங்கள். பின்வரிசைப் பெண் எழுந்து நடந்துவந்து மைக் முன்னால் நிற்பது வேறு, மைக் அவர் கைக்குப் போவது வேறு.

அடுத்து அறிவிப்பு. ஏழு நாளுக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்பது விதி. ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டினால் விதி நிறைவேறிவிடுகிறது. அலுவலகமோ பல நாள் பூட்டிக்கிடக்கும். ஒலிபெருக்கி வண்டி வந்தாலும் ஊருக்குள் மட்டும் சுற்றிவிட்டுப் போய்விடும். ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டித் தூண், அங்கன்வாடிச் சுவர் என்று ஒவ்வொரு குக்கிராமத்திலும் ஒரு இடமாவது எழுத்தில் கேட்க வேண்டும். ஒட்டிய அன்றே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், 'அறிவிப்பே இல்லை' என்று பிறகு சொல்வதற்கும் 'கொடுத்தோம்' என்று அவர்கள் சொல்வதற்கும் இடையே சான்று இருக்கும்.

இனி மினிட் புத்தகம். மாற்றம் செத்துப்போகும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கிராம சபை செல்லுபடியாக வேண்டுமானால் குறைந்தபட்ச வருகை வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லாரும் உறுப்பினர்கள். நடைமுறையில் என்ன ஆகிறது? இருநூறு கையெழுத்து வேண்டிய ஊராட்சியில் எண்பது பேர் வருவார்கள். மீதியை முன்னதாகவே வேலைத் தளத்தில் வாங்கியிருப்பார்கள், அல்லது மறுநாள் வீடு வீடாகப் போய் வாங்குவார்கள். கையெழுத்துப் பக்கங்களுக்கு முன்னால் நாலைந்து பக்கம் காலியாக விட்டிருப்பார்கள். தீர்மானங்கள் அந்த இடத்தில் பின்னால் ஏறும். எல்லாத் தீர்மானத்தின் முடிவிலும் 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்ற வரி இருக்கும். மரத்தடியில் நின்றவர் எதிர்ப்புச் சொன்னது அதில் இருக்காது, அவர் கையெழுத்து மட்டும் இருக்கும். தனக்கு எதிரான தீர்மானத்துக்கே அவர் சாட்சியாகிவிடுகிறார்.

இதைத் தடுக்க சண்டை போட வேண்டாம். வருகைப் பக்கத்தில் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு. அதன் கீழே 'மொத்தம் 143 பேர்' என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதி, கூட்டத்துக்கு வந்திருக்கும் பற்றாளரின் கையெழுத்து. பற்றாளர் அரசு ஊழியர், கூட்டத்தைக் கவனிக்கவே அனுப்பப்படுகிறவர், அதனால் இதைக் கேட்பதில் தவறே இல்லை. கோடு போட்டபின் ஒரு கையெழுத்துக்கூட ஏறாது. எண்ணிக்கை போதாவிட்டால் கூட்டத்தை ஒத்திவைக்கட்டும். செல்லாத கூட்டத்தை நடந்ததாக எழுதுவதைவிட ஒத்திவைப்பு நல்லது. கலைவதற்கு முன் ஒவ்வொரு தீர்மானத்தையும் செயலர் வாசிக்க வேண்டும், வாசித்த பக்கத்தை நாலைந்து பேராவது படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் எடுத்தால் மறுநாள் அவர் வாசலில் போய் நிற்பார்கள். ஐந்து பேர் எடுத்தால் யார் வாசலில் நிற்பது?

படம் எடுக்க விடவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, இன்ன தேதி கிராம சபையின் வருகைப் பதிவு, தீர்மானங்கள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல் என்று கேளுங்கள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய், முப்பது நாள் கெடு. எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்று குழம்ப வேண்டாம். வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. 'ஏன் இப்படிச் செய்தீர்கள்' என்ற கேள்வியை மட்டும் அதில் எழுதிவிடாதீர்கள். காரணம் கேட்கும் மனுவுக்கு 'இது தகவல் அல்ல' என்று பதில் வரும், ஆவணம் கேட்கும் மனுவுக்கு அப்படி எழுத முடியாது.

தீர்மானத்தை எழுதும் விதத்திலும் பலர் தடுமாறுகிறார்கள். 'எங்கள் ஊரில் தீண்டாமை ஒழிய வேண்டும்' என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தால் எல்லாரும் கைதட்டி நிறைவேற்றிவிடுவார்கள், மறுநாள் ஒன்றும் நடக்காது. அதைச் செய்யவேண்டிய அலுவலர் யார் என்பது அதில் இல்லை. சுடுகாட்டுப் பாதையை எடுத்துக்கொள்வோம். பொதுப்பாதையில் பிணத்தைக் கொண்டுபோக முடியாமல் வயலில் முழங்கால் சேற்றில் தூக்கிப் போகும் ஊர்கள் இருக்கின்றன. முதலில் அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுங்கள். பாதை 'வண்டிப்பாதை' என்றோ 'புறம்போக்கு' என்றோ பதிவாகியிருக்கிறதா, மயானம் எந்தப் புல எண்ணில் இருக்கிறது, படத்தில் பாதையின் அகலம் எத்தனை மீட்டர் என்று பாருங்கள். அதன்பின் தீர்மானம் இப்படி அமைய வேண்டும்: 'இன்ன வருவாய்க் கிராமம், புல எண் இத்தனையில் உள்ள பாதையை, தெற்குத் தெரு முனையிலிருந்து மயானம் வரை புலப்படத்தின்படி அளந்து, ஆக்கிரமிப்பு இருப்பின் அகற்றித்தர வட்டாட்சியரைக் கோருவது. இந்தப் பாதையில் எல்லாச் சமூகத்தாரும் சடலம் கொண்டுசெல்லத் தடையில்லை எனப் பதிவு செய்வது.' முதல் வரிக்கு வட்டாட்சியர் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவது வரியை எதிர்க்கிறவர் எழுந்து நின்று, தன் பெயரைச் சொல்லி எதிர்க்க வேண்டும். அப்படி எழுந்திருப்பவர் அநேகமாக இருக்க மாட்டார்.

இதிலும் ஒரு சறுக்கல் உண்டு. சில ஊர்களில் காலங்காலமாக நடந்த பாதை, வரைபடத்தில் பட்டா நிலத்துக்குள் போகும். அதைப் பார்க்காமல் 'ஆக்கிரமிப்பை அகற்று' என்று தீர்மானம் போட்டால் பட்டாதாரர் கோர்ட்டுக்குப் போவார், பாதை வழக்கில் மாட்டி வருஷக்கணக்கில் கிடக்கும். அங்கே பாதைக்கு நிலம் எடுத்துத்தரக் கேட்க வேண்டும், ஆக்கிரமிப்பு என்ற சொல்லே வரக்கூடாது. மனுவை முன்கூட்டியே செயலரிடம் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒன்றிய அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தன்று வாய்மொழியாகக் கிளப்பும் விஷயம் 'இதர பொருள்கள்' என்ற கடைசி வரிக்குப் போய்விடும். அதற்குள் பாதிக் கூட்டம் சாப்பாட்டுக்குப் போயிருக்கும்.

'இருப்பது இருக்கட்டும்' என்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களில் எல்லாரும் வன்மம் பிடித்தவர்கள் அல்லர். "ஊரு அமைதியா இருக்கு, கெளறாதீங்க" என்கிறவர்களில் பாதிப் பேர் அடிதடி நடந்த ஊர்களைப் பார்த்துப் பயந்தவர்கள். அந்தப் பயத்துக்கு நாங்கள் மரியாதை தருகிறோம். ஆனால் அந்த அமைதியின் செலவை யார் கட்டுகிறார்கள் என்று கேட்க வேண்டும். மதுரை மாவட்டம் மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று, பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியில் வென்று ஊராட்சித் தலைவரான முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். சட்டம் தந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்காகக் கொடுக்கப்பட்ட உயிர்கள் அவை. அதனால்தான் தனி ஆளாக எழுந்து நில்லுங்கள் என்று நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. கூலி வேலை, வட்டிக் கடன், அறுவடைக்கு டிராக்டர், பால் ஊற்றும் இடம் என்று எல்லாமே எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் குடும்பம் முதல் கையெழுத்தைப் போடக்கூடாது. அரசு வேலை, ஓய்வூதியம், வெளியூர்ச் சம்பளம் உள்ள வீடுகள் முதலில் போடட்டும். மகளிர் குழுப் பெண்கள் குழுவாகப் போடட்டும். ஒரே மனுவில் முப்பது பெயர் இருந்தால், வேலைக்குக் கூப்பிடாமல் பழிவாங்க நினைப்பவருக்கு நடவு நேரத்தில் ஆள் கிடைக்காது. ஊர் சேர்ந்து பட்டியல் சாதிக் குடும்பங்களைச் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் தனிக் குற்றம். பொதுப்பாதையையும் மயானத்தையும் மறிப்பதும் அப்படியே.

மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளை நினைத்துப் பாருங்கள். 1996-இல் தனித்தொகுதியானதிலிருந்து பத்து வருஷம் அங்கே தலைவர் என்று ஒருவர் நிலைக்கவில்லை. வேட்புமனு விழாது, விழுந்தால் வென்றவர் பதவியேற்ற சூட்டிலேயே ராஜினாமா செய்வார். 'அந்த ஊர்கள் மாறாது' என்று அப்போது எழுதாதவர் இல்லை. 2006 அக்டோபரில் தேர்தல் நடந்தது, தலைவர்கள் நிலைத்தார்கள். ஊரில் இருந்தவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். அப்போதைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரன் தன் மாவட்டத்து ஊர்களுக்குள் போய்ப் பேச்சு நடத்தினார், அரசு முழு மூச்சாகப் பின்னால் நின்றது. வேட்புமனுவும் பதவியேற்பும் தனிமனிதத் துணிச்சலை நம்பியிருந்த நிலை போனது. 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டி கிராம சபையில் அன்றைய முதல்வர் ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். பத்து வருஷம் எந்த மாற்றமும் இல்லாதது போலத் தோன்றியது, பலர் மனசுக்குள் எப்போதோ மாறியிருக்கலாம். முதலில் சொல்கிற ஆளாக இருக்க யாரும் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

நாற்காலி கிடைத்த பிறகும் ஏற்பாடுகள் விடுவதில்லை. 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 188-ஆம் பிரிவுப்படி ஊராட்சிக் கணக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தனித்தொகுதியில் ஆதிக்கச் சாதியின் கையில் சிக்குவது துணைத் தலைவர் பதவி. அவர் கையெழுத்தை நிறுத்தினால் குடிநீர் மோட்டார் ரிப்பேர் பில் நிற்கும், தெருவிளக்கு நிற்கும், தூய்மைக் காவலர் சம்பளம் நிற்கும். இரண்டு மாதத்தில் ஊர் முழுக்க "இந்தத் தலைவருக்கு நிர்வாகம் தெரியலை" என்று பேசும். அவர் மேசையில் பில்கள் கையெழுத்தோடு கிடக்கும், இரண்டாவது கையெழுத்து இராது. புகார் போனால் ஆட்சியர் 203-ஆம் பிரிவின் அவசர அதிகாரத்தில் கையெழுத்து உரிமையை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மாற்றுவார். ஊருக்குத் தண்ணீர் வரும், ஆனால் தலைவர் கையிலிருந்தும் அதிகாரம் போய்விடும். தடுத்தவர் நினைத்தது நடந்துவிட்டது. அதனால் புகார் எழுதும்போதே, துணைத் தலைவருக்குப் பதில் இன்னொரு உறுப்பினருக்கு அதிகாரம் தரும்படி கேளுங்கள். நிறுத்தப்பட்ட ஒவ்வொரு பில்லின் எண், தொகை, அனுப்பிய தேதி மூன்றையும் அட்டவணையாக வைக்க வேண்டும். பட்டியல் சாதித் தலைவரைக் கடமை செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவில் குற்றம். இந்த அட்டவணைதான் அதற்கு முதல் ஆவணம். பட்டியல் சாதித் தலைவர்கள் கொடியேற்றும் உரிமைக்கே 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சுதந்திரம் பெற்று எழுபத்தைந்து வருஷம் ஆன மாதம் அது.

பெண் தலைவர்களின் கணவர்கள் நாற்காலியில் உட்காருவதும் இதே கதைதான். அதற்கு நீண்ட பேச்சு வேண்டாம். பதவியில் இல்லாத கணவர் தலைவரைப் போலப் பேசும்போது பற்றாளரைப் பார்த்து, "இவர் எந்தப் பொறுப்பில் பேசுகிறார் என்று மினிட்டில் எழுதுங்கள்" என்று ஒருவர் சொன்னால் போதும்.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத அத்தகைய காலங்களில் மக்கள் எழுந்து பேசக்கூடிய சட்டப்பூர்வ இடம் கிராம சபை ஒன்றுதான். முன்பு நான்காக இருந்த நாட்கள் 2022 முதல் ஆறாகிவிட்டன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

உங்கள் நாளிதழுக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. ஒவ்வொரு கிராம சபைக்கும் எட்டு நாள் முன்பு, ஒன்றியவாரியாக எந்த ஊராட்சியின் கூட்டம் எந்த இடத்தில் என்ற பட்டியலை மாவட்டப் பக்கத்தில் வெளியிடுங்கள். சென்ற முறை நடந்த இடத்தையும் பக்கத்திலேயே போடுங்கள். கூட்டத்தன்று உங்கள் நிருபர் மேசைக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுக்கட்டும். பிறகு எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடிக்குப் போய், அங்கே நிற்கிறவர்களுக்குப் பின்னாலிருந்து இன்னொரு படம் எடுக்கட்டும். ஜமுக்காளம் எங்கே முடிகிறது என்பது அந்தப் படத்தில் தெரியும். அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஊராட்சி நடைமுறைகளில் ஈடுபாடுள்ள வாசகர்கள்,
மதுரை மாவட்டம்.